பிலேரியா சோதனையில் டி செல் பதில் சரியாக வராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

யானைக்கால் நோய்ப் புழு (பிலேரியா) தொற்றியவரின் ரத்தத்திலிருந்து, கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் உட்பட, வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அந்தப் புழுவின் புரதத்தையே (ஆன்டிஜென்) அவற்றுக்குக் கொடுத்து, அவை என்ன சுரக்கின்றன என்று பார்க்கிற சோதனை இது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். சோதனை நடக்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு, அதாவது பிளேட், வெறுமையாக இருக்கிறது, யாரைக் குறை சொல்வது? செல்லையா, ஆன்டிஜெனையா, தன் கையையா?

பல தொற்றுகளில் இதற்கு விடை சுலபம். பதில் வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் லேபில் ஏதோ கோளாறு. பிலேரியாவில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. இந்தப் புழு மனித உடலில் வருடக்கணக்கில் உயிர்வாழ்வதே நம் டி செல்களை அடக்கி வைத்துத்தான். 1977-இல் குக் தீவுகளில் செய்த வேலையும், 1980-இல் தென் கலிமந்தானில் புரூகியா மலாயி என்ற பிலேரியாப் புழு தொற்றியவர்களிடம் செய்த வேலையும் இதைத்தான் காட்டின: ரத்தத்தில் மைக்ரோஃபிலேரியா, அதாவது புழுக் குஞ்சுகள், இருப்பவரின் டி செல்கள் மற்ற ஆன்டிஜென்களுக்குப் பதில் சொல்லும், புழுவின் ஆன்டிஜெனுக்கு மட்டும் வாய் திறக்காது. ஆகவே வெறுமையான குழி பிழையாகவும் இருக்கலாம், நோயின் உண்மையான முகமாகவும் இருக்கலாம். பிழையை நோய் என்று எழுதுவது தவறு. நோயைப் பிழை என்று நினைத்துக் குப்பையில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் இரவு பத்து மணிக்கு மேல் தூக்கம் விழித்துக் கையை நீட்டியவர்.

இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் கீழே உள்ளதெல்லாம். உங்கள் பிளேட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் பிளேட்டின் அடுக்கு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுக்கு தவறியிருந்தால் எந்த அறிகுறிக்கும் விடை கிடைக்காது.

பிளேட்டில் இருக்கவேண்டிய நான்கு வகைக் குழிகள்

ஒவ்வொரு கொடையாளருக்கும் இவை வேண்டும், ஒவ்வொன்றும் மூன்று குழிகளாக. ஒன்று, மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) மட்டும். இரண்டு, பிஎச்ஏ அல்லது சிடி3 எதிர்ப்பொருள், அதாவது எந்த டி செல்லையும் தட்டி எழுப்பக்கூடிய ஒன்று. மூன்று, பிபிடி, காசநோய்க் கிருமியின் புரதம். நான்கு, புழுவின் ஆன்டிஜென்.

மூன்றாவதைப் பலர் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே பிசிஜி ஊசி போடுகிறார்கள், அதனால் இங்குள்ள பெரும்பாலோரிடம் பிபிடியை அடையாளம் காணும் டி செல்கள் இருக்கும். வேறு நாட்டு லேப்கள் பலவற்றுக்குக் கிடைக்காத வசதி நமக்குக் கையிலேயே இருக்கிறது. பிஎச்ஏ நல்ல பதில், பிபிடி நல்ல பதில், புழு ஆன்டிஜெனுக்கு மட்டும் பதில் இல்லை என்றால்தான் ‘புழுவுக்கே உரிய அடக்கம்’ என்று வாயைத் திறக்க முடியும். பிபிடி குழி இல்லையென்றால் அந்தப் பேச்சே இல்லை.

கூடவே, ஆரோக்கியமான ஒருவரின் செல்களை ஒரே நாளில் நிறையப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளாக நைட்ரஜன் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளேட்டிலும் அதில் ஒரு குப்பி ஓடட்டும். அவருடைய பிஎச்ஏ எண்ணிக்கை எப்போதும் வரும் அளவில் வந்தால் அன்றைய பிளேட் நம்பத்தக்கது. இதைக் கீழே ‘சாட்சிக் குப்பி’ என்று சொல்கிறேன்.

எல்லாக் குழிகளும் வெறுமை, பிஎச்ஏ உட்பட

சாட்சிக் குப்பியும் வெறுமையா? அப்படியானால் செல்களைத் தொடாதீர்கள், கண்டறியும் பகுதியில்தான் கோளாறு. எலிஸ்பாட்டில் (செல் சுரப்பதைச் சவ்வில் புள்ளிகளாகக் காட்டும் முறை) முதல் சந்தேகம் எத்தனால். குழியின் அடியிலுள்ள பிவிடிஎஃப் சவ்வை 35 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஊறவிடக்கூடாது, அப்புறம் நன்றாகக் கழுவவேண்டும். கழுவியது போதவில்லை என்றால் மிஞ்சிய எத்தனால் செல்களைக் கொல்லும். சவ்வு நனையவே இல்லை என்றால் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டாது. இரண்டாவது சந்தேகம் சோடியம் அசைடு. புள்ளிக்கு நிறம் தரும் எச்ஆர்பி நொதியை அது முடக்கிவிடும். கழுவும் பஃபர் கெடாமலிருக்க யாராவது நல்ல எண்ணத்தில் அசைடு சேர்த்து வைத்திருந்தால், அந்தப் புட்டியைத் தொட்ட ஒவ்வொரு பிளேட்டும் வெள்ளையாகத்தான் வரும். புட்டியின் லேபிளைப் படியுங்கள், யார் கலக்கினார் என்று கேளுங்கள்.

சாட்சிக் குப்பி நன்றாக இருந்து, கொடையாளரின் குழிகள் மட்டும் வெறுமை என்றால், அந்த ரத்தத்தின் பயணத்தைப் பின்னோக்கிப் பாருங்கள். எந்தக் குழாயில் எடுத்தார்கள்? இந்த வேலைக்கு சோடியம் ஹெப்பாரின் குழாய்தான் ஏற்றது. ரத்தம் உறையாமலிருக்கப் பயன்படும் இன்னொரு பொருளான ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, செல் விழித்தெழக் கால்சியம் தேவை. எத்தனை மணி நேரம் ஆனது? எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தால் நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் கிரானுலோசைட்டுகள் (மணிகள் நிறைந்த வெள்ளணுக்கள்) அடர்த்தி குறைந்து டி செல்களோடு கலந்து வரும், டி செல்களின் பதிலும் குறையும்.

எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதையும் கேளுங்கள். நம் ஊரில் இரண்டு விதமான தவறும் நடக்கும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் வைத்து வேக வைப்பது ஒன்று. அதற்குப் பயந்து ஐஸ் கட்டியின் மேலேயே குழாயைப் படுக்க வைப்பது இன்னொன்று. இந்த ரத்தம் அறை வெப்பத்தில், சுமார் 18 முதல் 25 டிகிரிக்குள் வரவேண்டும். தெர்மோகோல் பெட்டியில், அறை வெப்பத்துக்கு வந்த ஜெல் பைகளுக்கு நடுவே, துணியில் சுற்றி வைத்தால் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு மாலை நேர நெரிசலைத் தாங்கும். பெட்டிக்குள் வெப்பநிலை பதியும் கருவி ஒன்று போட்டுவிட்டால் வாக்குவாதமே வராது.

செல் எண்ணிக்கை குறைவு, வளையம் மெல்லியது

செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் திரவமான ஃபைக்கால் மேல் ரத்தத்தை மெதுவாக ஏற்றி, 400 ஜி வேகத்தில் 30 நிமிடம், பிரேக் போடாமல் சுற்றி எடுத்த குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் சிவப்பு, அதன் மேல் தெளிந்த ஃபைக்கால், உச்சியில் மஞ்சள் பிளாஸ்மா. பிளாஸ்மாவும் ஃபைக்காலும் சந்திக்கும் இடத்தில் பால் கலங்கியது போல ஒரு வெண்ணிற வளையம் நிற்கவேண்டும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்குப் பத்து முதல் இருபது லட்சம் செல்கள் அதில் கிடைத்தால் நியாயமான அறுவடை.

வளையம் மங்கலாக இருந்தால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். ஃபைக்காலின் அடர்த்தி 1.077 என்பது 20 டிகிரியை ஒட்டிய கணக்கு. சென்ட்ரிஃபியூஜ் காலையிலிருந்து ஓடி உள்ளே சூடேறியிருந்தால், அல்லது ஏர்கான் நின்றுபோன அறையில் ஃபைக்கால் புட்டி மேசைமேலேயே இருந்திருந்தால், அதன் அடர்த்தி குறையும். நமக்கு வேண்டிய செல்கள் வளையத்தில் நிற்காமல் அடியில் போய் விழும். நேர்மாறாக, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் அடர்த்தி கூடி, சிவப்பணுக்களும் கிரானுலோசைட்டுகளும் வளையத்திலேயே தங்கும். புத்தகத்தில் ‘அறை வெப்பம்’ என்று எழுதியவர் நம் அறையை மனதில் வைத்து எழுதவில்லை. சென்ட்ரிஃபியூஜில் 20 என்று எண்ணைப் போட்டு, முன்கூட்டியே ஓடவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வளையத்தில் நிறைய பிளேட்லெட் ஒட்டியிருந்தால் கடைசிக் கழுவலை 200 ஜி வேகத்தில் பத்து நிமிடம் செய்யுங்கள், பெரும்பகுதி மேல்திரவத்தோடு போய்விடும்.

பிலேரியா கொடையாளர்களிடம் இன்னொன்றும் உண்டு. புழுத் தொற்று உள்ளவர்களின் ரத்தத்தில் இயோசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகியிருக்கும். அவற்றில் ஒரு பங்கு சாதாரண இயோசினோஃபிலைவிட அடர்த்தி குறைந்து, அடியில் விழாமல் நம் வளையத்திலேயே நிற்கும். இரண்டு லட்சம் செல் என்று எண்ணிப் போட்ட குழியில் உண்மையான டி செல்கள் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கலாம். ஒரு துளியைக் கண்ணாடியில் பூசி, ஜீம்சா சாயமிட்டுப் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் நிறைந்த செல்கள் கண்ணில் பட்டால், எண்ணிக்கையைத் திருத்தாமல் நோயாளியையும் ஆரோக்கியமானவரையும் ஒப்பிடக்கூடாது.

உறைந்த செல்கள் கரைக்கும்போது கட்டியாகின்றன

செத்த செல்லின் டிஎன்ஏ வெளியே வந்து பசை போல ஒட்டுகிறது. 37 டிகிரித் தண்ணீரில் குப்பியை ஆட்டி, சிறு ஐஸ் துண்டு மிஞ்சும்போதே வெளியே எடுங்கள். வெதுவெதுப்பான மீடியத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் உறையவைக்கும்போது சேர்த்த டிஎம்எஸ்ஓ வெளியேறும் அதிர்ச்சியில் செல் வெடிக்கும். மீடியத்தில் டிஎன்ஏவை வெட்டும் நொதி, பென்சோனேஸ் போன்றது, கலந்திருந்தால் கட்டி பிடிப்பது பெரும்பாலும் நிற்கும். அப்புறம் ஓர் இரவு இன்குபேட்டரில் ஓய்வு கொடுத்து, காலையில் மறுபடி எண்ணுங்கள். முந்தின நாள் எண்ணிக்கையை நம்பி பிளேட் போடாதீர்கள். இரவோடு இரவாகச் சாகும் செல்கள் நிறைய. உயிரோடு இருப்பவை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் அந்தக் குப்பியை முக்கியமான முடிவுக்குப் பயன்படுத்த மாட்டேன்.

மீடியம் மட்டும் உள்ள குழியிலேயே புள்ளிகள் நிறைய

யாரும் தட்டாமலே செல்கள் பேசுகின்றன. எல்லாக் கொடையாளருக்கும் அப்படி என்றால் சீரம் மேல் கை வையுங்கள். மாட்டுக் கன்றின் சீரம் ஒரு தொகுப்புக்கு ஒரு தொகுப்பு வேறுபடும், சில தொகுப்புகள் தாமாகவே செல்களை எழுப்பிவிடும். புதுத் தொகுப்பு வாங்குமுன் மாதிரி கேட்டு வாங்கி, சாட்சிக் குப்பியில் ஓட்டிப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி வையுங்கள். மனித ஏபி சீரத்துக்கு மாறுவதும் பலனளிக்கும்.

ஒரே ஒரு கொடையாளருக்கு மட்டும் என்றால் அவருடைய உடல்நிலையைக் கேளுங்கள். இங்கே முதல் கேள்வி டெங்கி. டெங்கிக் காய்ச்சலிலிருந்து எழுந்தவரின் டி செல்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும், மீடியத்தில் போட்டாலே இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கும். அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் இப்படி வரலாம். காய்ச்சல் விட்டுச் சில வாரங்கள் கழித்து மறுபடி ரத்தம் வாங்குவதுதான் வழி. பின்னணி எண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தை முடிவாக எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். பின்னணி பெரிதாகவும் மிச்சம் சிறிதாகவும் இருக்கும்போது அந்தக் கழித்தலுக்கு அர்த்தமில்லை.

பிஎச்ஏ, பிபிடி இரண்டும் நல்ல பதில். புழு ஆன்டிஜெனுக்கு மட்டும் மௌனம்

இதுதான் இந்த வேலையின் நெஞ்சு. புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை இப்படி ஒரு பிளேட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

“அக்கா, பிஎச்ஏ குழி கருத்தே போச்சு, பிபிடியும் நல்லா வந்திருக்கு. புழுக் குழி மட்டும் சுத்தமா வெள்ளை. ஆன்டிஜென் போட மறந்துட்டேனோ? திரும்பப் போடட்டுமா?”

“திரும்பப் போடலாம்மா. அதுக்கு முன்னாடி இவர் யாருன்னு பாரு. மைக்ரோஃபிலேரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு அக்கா.”

“அப்போ உட்காரு. இது கெட்டுப்போன பிளேட்டா இல்லாமலும் இருக்கலாம்.”

உட்கார்ந்து செய்யவேண்டியது இந்த வரிசையில்.

முதலில் ஆன்டிஜெனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுங்கள். புழுவின் கச்சாச் சாறு பொதுவாக ஜெர்பில் எலிகளின் வயிற்றறையில் வளர்த்த புழுக்களை அரைத்து எடுப்பது. மீண்டும் மீண்டும் உறையவைத்துக் கரைத்தால் வீரியம் போகும். அதனால் ஒரு முறைக்கு ஒன்று என்று சிறு குப்பிகளில் வைக்கவேண்டும். புரத அளவை மறுபடி அளந்து, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வழக்கமான அளவில் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு அதே குப்பியை, பதில் தருவார் என்று எதிர்பார்க்கக்கூடிய ஒருவரின் செல்களில் போடுங்கள். கால் வீங்கி, ரத்தத்தில் மைக்ரோஃபிலேரியா இல்லாத நாள்பட்ட நோயாளிகளின் டி செல்கள் இதே ஆன்டிஜெனுக்குப் பொதுவாக வலுவாகப் பதில் தரும். அவருடைய குழியில் புள்ளிகள் வந்துவிட்டால் ஆன்டிஜெனுக்கு விடுதலை.

அடுத்து நேரம். இன்டர்ஃபெரான் காமா எலிஸ்பாட்டுக்கு 24 மணி நேரம் போதும் என்பது வீரியமுள்ள தூண்டுபொருளுக்கான கணக்கு. முழுப் புரதத்தைச் செல் விழுங்கி, நறுக்கி, டி செல்லுக்குக் காட்ட நேரம் எடுக்கும். 48 மணி நேரப் பிளேட் ஒன்றையும், செல் பெருக்கத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள் வளர்ப்பு ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள்.

அடுத்து, சரியான கேள்வியைத்தான் கேட்கிறோமா என்று பாருங்கள். இன்டர்ஃபெரான் காமா ஒன்றை மட்டும் பார்த்து ‘பதில் இல்லை’ என்று எழுதுவது அவசரம். அதே குழியின் மேல்திரவத்தில் இன்டர்லூக்கின் 10, அதாவது மற்ற செல்களை அடக்கும் சமிக்ஞை, அளந்து பாருங்கள். மைக்ரோஃபிலேரியா உள்ளவரிடம் அது உயர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். செல்கள் சும்மா இருக்கவில்லை, அடக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. இன்டர்லூக்கின் 5 வருகிறதா என்பதையும் பாருங்கள். அதை வைத்து இரண்டாம் வகை உதவி டி செல்கள் விழித்திருக்கின்றனவா என்று தெரியும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யுஎஸ்எம்) ஆய்வாளர்கள் உருவாக்கிய பிஎம்ஆர்1 ஆன்டிஜெனை வைத்து ஐஜிஜி4 எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுச் சோதனை மலேசியாவின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் பயன்பட்டது. ஐஜிஜி4 கூடுவதும் இன்டர்லூக்கின் 10 பக்கம் சாய்ந்த உடலின் அடையாளம்தான். கொடையாளரின் ஐஜிஜி4 உயர்ந்தும், இன்டர்ஃபெரான் காமா வெறுமையாகவும் இருந்தால் இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

கடைசியாக, பூட்டைத் திறந்து பாருங்கள். இன்டர்லூக்கின் 10-ஐச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளைப் புழு ஆன்டிஜெனோடு சேர்த்து ஒரு குழியிலும், அதே வகையைச் சேர்ந்த சம்பந்தமில்லாத எதிர்ப்பொருளைச் சேர்த்து இன்னொரு குழியிலும் போடுங்கள். இரண்டும் அசைடு இல்லாதவையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் செல் செத்துவிடும். முதல் குழியில் புள்ளிகள் எழும்பி, இரண்டாவதில் எழும்பாவிட்டால், அந்த மௌனம் அடக்கப்பட்ட மௌனம். ஒரு எச்சரிக்கை: இன்டர்லூக்கின் 10-ஐத் தடுத்தால் ஆரோக்கியமானவரின் பிபிடி பதில்கூடக் கொஞ்சம் ஏறும். ஆகவே ஏறியதா என்று மட்டும் பார்க்காமல், பிபிடி எவ்வளவு ஏறியது, புழு ஆன்டிஜென் எவ்வளவு ஏறியது என்று ஒப்பிடுங்கள். எல்லோரிடமும் முழுதாக மீளாது. அடக்கத்துக்கு டிஜிஎஃப் பீட்டா போன்ற வேறு கைகளும் உண்டு.

இன்னொரு சான்று காலம் தருவது. டைஎதில்கார்பமசின், அல்பெண்டசோல் ஆகிய புழு மருந்துகளைக் கொடுத்து மைக்ரோஃபிலேரியா ரத்தத்திலிருந்து போனபின், அதே மனிதரின் டி செல்கள் மறுபடி பதில் தரத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிகிச்சைக்கு முன் எடுத்த குப்பியையும் பின் எடுத்த குப்பியையும் ஒரே பிளேட்டில், ஒரே நாளில், ஒரே கையால் ஓட்டுங்கள். சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் மட்டும் ரத்தம் எடுக்காதீர்கள். புழுக் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும்போது காய்ச்சலும் அழற்சியும் கிளம்பும், அப்போது வரும் எண் எதையும் சொல்லாது.

அந்தத் தங்கையின் பிளேட் குப்பைக்குப் போகவில்லை.

பிஎச்ஏ நல்ல பதில். பிபிடியும் புழு ஆன்டிஜெனும் இரண்டுமே மௌனம்

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிஎச்ஏ டி செல்லின் மேற்பரப்பில் நேராகவே வேலை செய்துவிடுகிறது. பிபிடியும் புழுச் சாறும் அப்படியல்ல, மோனோசைட் என்ற வெள்ளணு விழுங்கி நறுக்கிக் காட்டினால்தான் டி செல்லுக்குத் தெரியும். ஆகவே இங்கே காணாமல் போனது மோனோசைட்டாக இருக்கலாம். அது பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஓய்வு கொடுத்த குழாயின் சுவரில் ஒட்டியவற்றை விட்டுவிட்டு மிதப்பவற்றை மட்டும் உறிஞ்சி எடுத்தால் இந்த நிலை வரும். உறையவைத்துக் கரைப்பதிலும் அதுதான் முதலில் அடிபடும். ஃபுளோ சைட்டோமெட்ரியில் (சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறை) மோனோசைட்டின் அடையாளமான சிடி14 போட்டுப் பாருங்கள். ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் குழாய்க்கு மாறுங்கள்.

மோனோசைட் இருந்தும் இப்படி வந்தால் கொடையாளரின் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர், எச்ஐவி உள்ளவர் ஆகியோரின் செல்கள் இப்படி நடந்துகொள்ளலாம். பிசிஜி போடாத நாட்டிலிருந்து வந்தவராக இருந்தால் பிபிடி மௌனம் இயல்பே, அவருக்கு டெட்டனஸ் டாக்ஸாய்டு போட்டுப் பாருங்கள்.

புழுவையே பார்க்காதவரும் பதில் தருகிறார்

கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்த, சோதனையில் எதுவும் இல்லாத ஒருவரின் செல்கள் புழு ஆன்டிஜெனுக்கு எகிறிக் குதிக்கின்றன. சந்தோஷப்படாதீர்கள்.

முதல் சந்தேகம் எண்டோடாக்ஸின், அதாவது பாக்டீரியாவின் வெளிச்சுவரிலுள்ள எல்பிஎஸ் என்ற நச்சுப்பொருள். ஈ.கோலையில் உருவாக்கிய மறுகூட்டுப் புரதமாக இருந்தால் அந்தப் பாக்டீரியாவின் எல்பிஎஸ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எண்டோடாக்ஸினை அளக்கும் சோதனைக்கு வழக்கமாகக் குதிரைலாட நண்டின் ரத்தம் பயன்படுகிறது. நம் கடற்கரையில் பெலங்காஸ் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பம்தான். அதற்கு மாற்றாக வந்த மறுகூட்டு ஃபேக்டர் சி-யின் மரபணுவே சதுப்புநிலக் குதிரைலாட நண்டிலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்ததுதான். கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள், நண்டின் உயிரும் தப்பும்.

எண்டோடாக்ஸின் இல்லை என்று வந்தபின்னும் பதில் நீடித்தால் வொல்பாக்கியா. புரூகியா மலாயியின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா இது. புழுவை அரைத்தால் இதன் லிப்போபுரதங்களும் சாற்றில் வந்துவிடும், மோனோசைட்டுகளை அவை டிஎல்ஆர்2 என்ற ஏற்பி வழியாக எழுப்பும். எல்பிஎஸ்ஸைப் பிடிக்கும் பாலிமிக்ஸின் பி இதைத் தடுக்காது, ஆகவே ‘பாலிமிக்ஸின் போட்டேன், அப்படியும் பதில் வருகிறது, எனவே இது டி செல் பதில்தான்’ என்ற வாதம் நிற்காது. யார் சுரக்கிறார்கள் என்று நேராகப் பாருங்கள். சில மணி நேரத்திலேயே டிஎன்எஃப்பும் இன்டர்லூக்கின் 6-உம் சிடி14 செல்களிலிருந்து கொட்டினால் அது மோனோசைட்டின் குரல். இன்டர்ஃபெரான் காமா சிடி3, சிடி4 செல்களுக்குள் தெரிந்தால்தான் டி செல்லின் குரல்.

அதுவும் டி செல்தான் என்றால், வேறு புழு. உருளைப் புழுக்களுக்குள் ஒற்றுமை அதிகம். குழந்தைப் பருவத்தில் குடற்புழு இருந்தவரின் டி செல்கள் பிலேரியாச் சாற்றில் தெரிந்த முகத்தைக் காணலாம். பூனை நாய்களிடம் வாழும் புரூகியா பகாங்கியையும் மறக்காதீர்கள். 1956-இல் நம் நாட்டில்தான் அது விவரிக்கப்பட்டது. கோலாலம்பூர்ப் புறநகர் ஒன்றில் மனிதர்களுக்கே அது தொற்றியது 2011-இல் வெளியான ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ‘நகரத்துக்காரர், அதனால் பிலேரியாவைப் பார்த்திருக்க மாட்டார்’ என்ற அனுமானத்தில் கட்டுப்பாட்டுக் குழுவை அமைக்காதீர்கள். கேள்வித்தாளில் பூனை வளர்ப்பையும் குடற்புழு மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

புள்ளிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியோ, கோடிழுத்தோ இருக்கின்றன

பிறை வடிவில் ஓரத்தில் குவிந்திருந்தால், செல் போட்ட கையோடு பிளேட்டைச் சாய்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். மேசையில் 15 முதல் 30 நிமிடம் அசையாமல் வைத்து, செல்கள் சமமாகப் படிந்தபின் இன்குபேட்டருக்குள் வையுங்கள். வால் நட்சத்திரம் போல வாலோடு புள்ளி இருந்தால் வளரும் நேரத்தில் யாரோ தட்டையே நகர்த்தியிருக்கிறார்கள். இன்குபேட்டர் கதவில் ‘திறக்காதே’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டுங்கள். வெளி வரிசைக் குழிகள் மட்டும் மோசமென்றால் ஈரப்பதம் குறைவு, தண்ணீர்த் தட்டை நிரப்புங்கள். பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் சில இன்குபேட்டர்களின் கார்பன் டைஆக்சைடு அமைப்பு தானாக மீளாது. மழை விட்டதும் திரையில் 5 சதவீதம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஃபுளோவில் நேர்மறைச் செல்கள் தேய்ந்து பரவித் தெரிகின்றன

செத்த செல்லும் இயோசினோஃபிலும் தாமாகவே மினுங்கும். உயிர் அறியும் சாயத்தைச் செல்களைப் பதப்படுத்தும் முன்பே, புரதமில்லாத பஃபரில் போடவேண்டும். சீரம் கலந்திருந்தால் சாயம் அதைத்தான் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு நிறத்தையும் விட்டுவிட்டு மற்றதைப் போட்ட கட்டுப்பாட்டுக் குழாய்களை வைத்துத்தான் எல்லைக்கோடு போடவேண்டும், கண்மதிப்பில் போடக்கூடாது. இரண்டு சாயம் பிணைத்த டேண்டம் வகைகள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் பிரிந்துபோய் வேறு நிறமாகத் தெரியும். பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் போட்டுத் தூண்டினால் சிடி4 மேற்பரப்பிலிருந்து மறைந்துவிடும். அப்போது சிடி4 ‘இல்லாத’ கூட்டத்தில் இன்டர்ஃபெரான் தெரிவதைப் புதுக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளாமல், பதப்படுத்தியபின் செல்லுக்குள்ளும் சிடி4 சாயமிடுங்கள்.

சுரப்பைச் செல்லுக்குள்ளேயே நிறுத்தி வைக்கும் பிரெஃபெல்டினை எப்போது போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். முழுப் புரத ஆன்டிஜெனோடு ஒரே நேரத்தில் போட்டால், மோனோசைட் அதை நறுக்கிக் காட்டும் பாதையே அடைபட்டுவிடும். ஆன்டிஜென் போட்டுச் சில மணி நேரம் விட்டு, அப்புறம் பிரெஃபெல்டின். ஆனால் அதையே இரவு முழுக்க நீட்டினால் செல்லுக்கு நஞ்சு.

குறிப்பேட்டில் எப்படி எழுதுவது

பதில் வராத குழிகளுக்கு மூன்று தனிக் குறிகளை வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்ஏ குழியே வெறுமையாக இருந்தால் ‘செல்லாது’ என்று எழுதி, காரணத்தையும் எழுதி, இருக்கும் குப்பியில் மறுபடி ஓட்டுங்கள். பிஎச்ஏ சரி, பிபிடி மௌனம் என்றால் ‘முடிவு நிறுத்தம்’. மோனோசைட் எண்ணிக்கையும் மருந்துப் பட்டியலும் வரும்வரை அந்த எண் எந்த அட்டவணையிலும் ஏறக்கூடாது. பிஎச்ஏ, பிபிடி இரண்டும் சரி, சாட்சிக் குப்பியும் சரி, ஆன்டிஜெனும் இன்னொருவரிடம் வேலை செய்தது என்றால், அந்தப் பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே, மற்ற எண்களுக்குச் சமமான மதிப்போடு எழுதுங்கள். அதன் பக்கத்தில் ரத்தம் எடுத்த நேரம், மைக்ரோஃபிலேரியா எண்ணிக்கை, கடைசியாக மருந்து சாப்பிட்ட தேதி, ஆன்டிஜென் தொகுப்பு எண் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். சிகிச்சைக்குப் பிந்தைய ரத்தம் வரும் நாளில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கப்போகிறீர்கள்.